காலில் வெந்நீர்

"யாருமே உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறாங்க, சிஸ்டர்."

கோமதிநாயகம் வாசலிலேயே நின்றுகொண்டு இதைச் சொன்னார். உள்ளே வந்து சொல்ல அவருக்கு எங்கே நேரம்? பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி அவர். எழுபத்திரண்டு ஆய்வுக்கூடங்கள், ஒன்பது பணிமனைகள், ஒரு பாய்லர் அறை. எல்லாவற்றையும் மாதம் ஒரு தடவை சுற்றி வந்து டிக் போட வேண்டும். மனிதர் நடந்துகொண்டே நோட்டில் எழுதுவார். எழுதிக்கொண்டே அடுத்த கதவைத் தட்டுவார்.

மரியபுஷ்பம், பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் இருபது வருஷமாக நர்ஸ். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பணிமனை ஊழியர் ஒருவரின் விரலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி நிக்காதீங்க சார். உட்காருங்க."

உட்காரவில்லை.

"நேத்து கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு ரிசர்ச் பொண்ணு மயங்கி விழுந்துச்சே, பேச்சியம்மாள்..."

"உள் ரூம்லதான் படுத்திருக்கு. நாளைக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"பேர்லதான் பேச்சு இருக்கு. வாயைத் திறந்தா 'காலையில சாப்பிடலை சார்'. கூட இருந்த அஞ்சு பேரும் அதையேதான் சொல்றாங்க. ஒரு வார்த்தை மாறலை! அந்த லேப்ல என்னவோ இருக்கு சிஸ்டர். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அங்கே நாப்பது பிள்ளைங்களுக்கு பிராக்டிகல் பரீட்சை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள லேப் சரியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"போடாதீங்க."

"காரணம் கேப்பாங்களே. ஒரு பொண்ணு சாப்பிடலைன்னு பரீட்சையை நிறுத்த முடியுமா? போட்டுட்டு, நாளைக்கு இன்னொரு பிள்ளை விழுந்து எந்திரிக்காமப் போனா?"

நேற்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

"உங்ககிட்ட மட்டும் எல்லாரும் ஓடி வர்றாங்க. அது எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க. நீங்கதான் எனக்கு குரு."

"குருன்னா தட்சிணை உண்டே."

"கேளுங்க."

"அந்த நோட்டு."

கட்டை விரலைக் கேட்டிருந்தால்கூட யோசிக்காமல் கொடுத்திருப்பார். கக்கத்தில் இருந்த நோட்டை எடுத்தார், தடவினார், கொடுத்தார். சிஸ்டர் அதை மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"இந்த பெஞ்சுல உட்காருங்க. ஒண்ணும் கேக்காதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"பாத்தீங்களா, கேட்டுட்டீங்க."

உட்கார்ந்தார். கால் ஆடியது. கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

பதினொன்றரைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவன் உள்ளே வந்தான். புறங்கை சிவந்து கொப்பளித்திருந்தது.

"வலிக்குதா?" என்றார் சிஸ்டர்.

"ரொம்ப எரியுது சிஸ்டர்."

கையைக் குழாயடியில் காட்டச் சொன்னார். மருந்து தடவினார். அப்போதுதான் மாணவன் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தான். முகம் மாறியது.

"ஹாஸ்டல்ல சமைக்கும்போது எண்ணெய் தெறிச்சிருச்சு சிஸ்டர்" என்றான், கொஞ்சம் சத்தமாகவே.

சிஸ்டர் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அவன் போனான்.

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார்.

"ஹாஸ்டல்ல ஏது சமையல்? மூணு வேளையும் மெஸ்லதானே சாப்பிடுறாங்க!"

சிஸ்டர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பெயர்கள் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். மற்றதைக் கோமதிநாயகம் வாய்விட்டுப் படித்தார்.

"ஹாஸ்டல், சமையல், கை. ஹாஸ்டல், சமையல், விரல். ஹாஸ்டல், சமையல், கழுத்து... அடப்பாவிகளா! கழுத்துல என்னத்தைச் சமைச்சாங்க?"

"இந்த மாசம் பதினோரு பேர்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டா, அடுத்த தடவை புண்ணோட ரூம்லயே படுத்துக்குவாங்க."

"உண்மையைச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது? போன வருஷம் ஒருத்தன் வந்து சொன்னான். அன்னைக்கே நடவடிக்கை எடுத்தேனா இல்லையா?"

"என்ன எடுத்தீங்க?"

"அவனுக்கு மெமோ. லேப்புக்கு ஒன்றரை மாசம் சீல்."

சிஸ்டர் கட்டுத் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டாயிற்று. மூன்றாயிற்று. ஜுரம், வயிற்றுவலி, கண்ணில் தூசி என்று ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரையும் சிஸ்டர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். கோமதிநாயகத்துக்கு ஆத்திரமாக வந்தது. இந்த அம்மாவை நம்பி ஒரு பகலே போயிற்றே! எழுந்து சுவருக்கும் மேசைக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர், எனக்கு என்னதான் சொல்லிக் கொடுக்கப் போறீங்க?"

இதைக் கேட்டுக்கொண்டே கையை வீசித் திரும்பினார். சிஸ்டர் டீக்காகத் தண்ணீர் கொதிக்கவைத்து மேசையோரம் வைத்திருந்த கெட்டில் சரிந்தது.

"ஐயோ! அம்மா!"

செருப்புக் கால். வலது பாதம் முழுக்கக் கொதிநீர்.

சிஸ்டர் அவரை அப்படியே குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷம். அந்த வளாகத்தில் கோமதிநாயகம் ஒரே இடத்தில் இருபது நிமிஷம் நின்றது அன்றைக்குத்தான்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது சிஸ்டர்."

சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. யாராவது இப்படி விசாரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

மருந்து போட்டு, துணி சுற்றி, பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு அலமாரியில் இருந்து ஒரு பச்சைத் தாளை எடுத்தார். விபத்து நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம் அது. தயாரித்தவர் சாட்சாத் கோமதிநாயகமேதான்.

"முதல் கேள்வி. விபத்துக்குக் காரணமானவர் பெயர்?"

அவர் கெட்டிலைப் பார்த்தார்.

"கெட்டிலுக்குப் பேர் இல்லை சார்."

"அடுத்ததுக்குப் போங்க."

"காயம்பட்டவர் பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தாரா?"

"அடுத்தது."

"இல்லையெனில், அவர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

கோமதிநாயகம் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர்... இது வேண்டாமே. பாதுகாப்பு அதிகாரியே காலைச் சுட்டுக்கிட்டான்னு வளாகம் முழுக்கச் சிரிப்பாங்க. வீட்ல கொட்டிக்கிட்டதுன்னு போட்டுருங்க."

சிஸ்டர் பச்சைத் தாளை மடித்து வைத்தார். பதிவேட்டைத் திறந்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார்.

"வீடு. வெந்நீர். கால்."

மூடினார்.

"அடுத்து யாருங்க? உள்ளே வாங்க."

கோமதிநாயகம் அப்படியே உட்கார்ந்திருந்தார். காலை விட முகம் அதிகமாக எரிந்தது. யாரோ ஒரு அம்மா உள்ளே வந்து தலைவலி என்று சொன்னது அவர் காதில் விழவேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மணி நாலே முக்கால்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நொண்டி நொண்டி உள் அறைக்குப் போனார்.

பேச்சியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"காலையில சாப்பிடலை சார்."

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாதத்தை எதிரில் நீட்டினார்.

"இப்பத்தான் வெந்நீரைத் தட்டிக் கொட்டிக்கிட்டேன். என் தப்புதான். ஆனா வீட்ல கொட்டினதுன்னு எழுதச் சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு."

அவள் பாதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ரொம்ப எரியுதா சார்?"

"ஆமாம்மா."

அவள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"லேப்பை மூடிருவீங்களா சார்? என் நாலு வருஷ வேலை அங்கேதான் இருக்கு."

"தெரியலைம்மா. பொய் சொல்ல விரும்பலை."

அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஹூட் ஓடலை சார். ஆறு மாசமா."

ஹூட் என்பது கண்ணாடிக் கூண்டு. ஆய்வில் கிளம்பும் விஷப்புகையை மூச்சில் ஏறாமல் வெளியே இழுத்துத் தள்ளுவது. அந்த லேப்பில் இருப்பது ஒன்றே ஒன்று.

"ஓடுதேம்மா! போன மாசம் நானே வந்து பாத்தேனே. கூண்டு வாசல்ல ஒட்டியிருந்த தாள் துண்டு ஆடிச்சு. காத்து இழுக்குதுன்னு டிக் போட்டேன்."

"அது மேலே சுத்துற சீலிங் ஃபேன் காத்து சார்."

கோமதிநாயகம் கக்கத்தில் நோட்டைத் தேடினார். அது டிராயரில் இருந்தது.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லத்தான் வந்தேன் சார். அதுக்குள்ள நீங்க அடுத்த ரூமுக்குப் போயிட்டீங்க."