சடைச்சி முதுகில் யார் முறை?

சடைச்சி என்ற கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். வெயில் காலத்துப் புற்று, கல்லைப் போல இறுகிக் கிடந்தது. ஒரு கை மண்ணைப் பெயர்த்தது. மறு கை அதைப் பின்னால் தள்ளியது. நகம் முழுக்கச் செம்மண். கைதான் புற்றில் இருந்தது, காது ரெண்டும் முதுகின் மேலேயே இருந்தன.

முதுகில் அவளுடைய இரட்டைக் குட்டிகள் உட்கார்ந்திருந்தன.

முதலில் பிறந்தவன் இலுப்பன். இலுப்பைப் பூவைக் கண்டால் அம்மாவையே மறந்துவிடுவான். கொஞ்ச நேரம் கழித்துப் பிறந்தவள் ஈச்சி. ஈச்சம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைக்குமா என்று ஒரு பகல் முழுக்க அழுதவள். இரண்டும் பால்குடி மறக்காத பிள்ளைகள். கரடிக் குட்டிகளுக்கு அந்த வயதில் நெடுந்தூர நடை கிடையாது. தாய் முதுகுச் சடையைப் பிடித்துக்கொண்டு சவாரிதான்.

சவாரிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று கழுத்து, இன்னொன்று இடுப்பு. கழுத்தில் உட்கார்ந்தால் அம்மாவின் காதைப் பிடித்துக்கொள்ளலாம், எதிரே வருவதெல்லாம் தெரியும். இடுப்பில் உட்கார்ந்தால் உடம்பு குலுங்கும், கண்ணுக்குத் தெரிவது கூடப் பிறந்ததின் முதுகு மட்டும்தான். அதனால் குகையை விட்டு வெளியே வந்த முதல் நாளே சண்டை.

சடைச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு புற்றைத் தின்று முடித்ததும் இடம் மாற வேண்டும். கழுத்தில் இருந்தது இடுப்புக்குப் போக வேண்டும், இடுப்பில் இருந்தது கழுத்துக்கு வர வேண்டும். நல்ல வழிதான். ஆனால் சண்டை போனபாடில்லை. புற்று முடிந்துவிட்டது என்று இடுப்பில் இருக்கிறது சொல்லும். அதோ அந்த ஓட்டையில் இன்னும் நாலு கறையான் இருக்கிறது, முடியவில்லை என்று கழுத்தில் இருக்கிறது சொல்லும். ஒன்று கத்தும், ஒன்று கிள்ளும், இரண்டும் சேர்ந்து அம்மாவின் சடையைப் பிய்க்கும்.

சடைச்சிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் கூச்சக்காரி, நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். ஆனால் முதுகில் அந்த இரண்டு சூடான வயிறுகளும் ஒட்டிக்கொண்டு வரும்போது, தன்னைப் போலக் கொடுத்துவைத்தவள் காட்டிலேயே இல்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வாள். சாயங்காலம் நக்கிக் குளிப்பாட்டும்போது, இலுப்பன் ஒரு தடவை குளித்துவிட்டு, ஈச்சி மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் வந்து நிற்பான். அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இரண்டாம் தடவையும் நக்கிவிடுவாள்.

மரத்து மேலே குடியிருந்த மந்தி வாலாயிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவளுக்கு ஒரே பிள்ளை. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும்.

"அடியே சடைச்சி, உன் முதுகு என்ன வாரச் சந்தையா? ரெண்டுக்கும் ரெண்டு போடு. வாயை மூடும்."

சடைச்சி சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

இதை ஊளையன் கேட்டுக்கொண்டு நின்றான். ஊளையன் அந்தக் காட்டு நரி. அவனுக்கு அன்றைக்கு ஒரு பெரிய இக்கட்டு. மலையடிவாரப் பாறையில் இருக்கிற சிறுத்தை, உச்சிவெயில் ஏறுவதற்குள் இளங்கறி ஏதாவது கொண்டுவந்தால் மிச்சம் உனக்கு, வெறுங்கையோடு வந்தால் நீயே எனக்குச் சாப்பாடு என்று சொல்லி அனுப்பியிருந்தது. ஊளையன் விடியற்காலையிலிருந்து காடு முழுக்கச் சுற்றிவிட்டான். இப்போது சடைச்சியின் முதுகைப் பார்த்தான். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே, அவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

குழைந்துகொண்டே பக்கத்தில் வந்தான்.

"தங்கச்சி, உன்னைப் பார்த்தால் பாவமா இருக்கு. ரெண்டையும் சுமந்துக்கிட்டு எப்படித்தான் வேலை பார்க்கிறியோ? நான் இவங்களுக்குத் தாய்மாமன் முறை. ஒண்ணைக் கொடு, நான் வச்சுப் பார்த்துக்கிறேன்."

"பரவாயில்லை அண்ணே" என்றாள் சடைச்சி.

"ஆமா, ரெண்டும் ஒரே அச்சா இருக்கே. எது எதுன்னு உனக்காவது தெரியுமா? முதுகில் ரெண்டு பாரம் இருந்தால் சரின்னு நடந்துட வேண்டியதுதான், இல்லையா?"

அவள் குனிந்து மண்ணைப் பெயர்த்தாள். அதை ஊளையன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டான். ஓகோ, இவளுக்குப் பாரம்தான் கணக்கு என்று முடிவு கட்டினான். வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவன் மாதிரி போய், பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

கரடி கறையான் தின்கிற விதம் ஊளையனுக்குத் தெரியும். ஓட்டையில் முகத்தை முழுக்க நுழைத்து, மண் ஏறாமல் மூக்குத் துவாரத்தை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து உறிஞ்சும். அந்த உறிஞ்சல் சத்தம் அடுத்த ஓடை வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் கரடிக்கு வாசனையும் தெரியாது, வேறு சத்தமும் கேட்காது.

சடைச்சி முகத்தை நுழைத்தாள். உறிஞ்சத் தொடங்கினாள்.

இடுப்பில் இருந்த இலுப்பன் வெயிலுக்குக் கண்ணை மூடித் தூங்கிப்போனான். கழுத்தில் இருந்த ஈச்சி மட்டும் விழித்திருந்தாள். ஊளையன் ஒரு துண்டுத் தேனடையைக் காட்டினான். உதட்டில் விரலை வைத்தான்.

"மாமன்கூட ஒரு விளையாட்டு. பேசாமல் வந்தால் இந்தத் தேனெல்லாம் உனக்கு. வாயைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது."

ஈச்சி சத்தமில்லாமல் இறங்கி, தேனடையோடு ஓடைக்கரைப் புதருக்குள் புகுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பழுத்து விழுந்து கிடந்த சின்னப் பலா ஒன்றை ஊளையன் உருட்டி வைத்தான். சடைச்சி தலையைத் தாழ்த்திக் கிடந்ததால் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பலா சடைக்குள் புதைந்து நன்றாக உட்கார்ந்துகொண்டது. அதுவும் ஈச்சி அளவு பாரம்தான். முள்ளும் இருந்தது, ஆனால் அந்தச் சடையைத் தாண்டி முள் எங்கே குத்தும்?

கொஞ்ச நேரத்தில் புற்று முடிந்தது. சடைச்சி முகத்தை வெளியே எடுத்தாள். மூக்கு நிறைய மண். இலுப்பன் கண்ணைக்கூடத் திறக்காமல் உடனே விழித்துக்கொண்டான். தூக்கத்தில்கூட அவன் முறையை மறக்கிறவன் இல்லை.

"புற்று முடிஞ்சு போச்சு. கழுத்து எனக்கு."

சடைச்சி அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இன்னும் நாலு கறையான் பாக்கி இருக்கு என்று ஈச்சி கத்த வேண்டும். கத்தவில்லை.

"ஏ ஈச்சி, எழுந்திரு. என் முறை."

அதற்கும் சத்தமில்லை. கிள்ளவில்லை. சடையைப் பிய்க்கவில்லை.

சடைச்சி தோண்டின கையை நிறுத்தினாள். முதுகில் பாரம் இரண்டும் அப்படியே இருந்தன. ஆனால் ஈச்சி கழுத்தில் இருந்தால் இடது காது இழுபட்டுக்கொண்டே இருக்கும். இப்போது காது சும்மா இருந்தது. ஈச்சியின் வயிறு சுடும். இப்போது கழுத்து சில்லென்று கிடந்தது. இடம் விட்டுக்கொடுக்கிற பிள்ளையை அவள் பெறவே இல்லை. மண்ணைத் தும்மித் தள்ளிவிட்டு மூச்சை இழுத்தாள். பலா வாசனை. அதோடு லேசாக நரி வாசனை.

காட்டையே கிழிக்கிற மாதிரி உறும வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் உறுமினால் ஊளையன் ஈச்சியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடுவான். சிறுத்தை அவனுக்கு உச்சிவெயில் வரை கெடு வைத்த சேதி காடெல்லாம் பரவியிருந்தது, அதனால் ஓடி எந்தப் பாறைக்குப் போவான் என்றும் அவளுக்குத் தெரியும். குட்டி எந்தப் புதரில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேனுக்காக வாயைத் திறக்க மாட்டாள். தன் பிள்ளை எதற்கு வாயைத் திறக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

சடைச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. மண்ணைத் தட்டிவிட்டு, மரத்து மேலே வாலாயி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"சரிப்பா இலுப்பா. ஈச்சிதான் ஒண்ணும் சொல்லலையே. இனிமேல் கழுத்து உனக்குத்தான். இன்னிக்கு, நாளைக்கு, என்னிக்குமே உனக்குத்தான்."

ஓடைக்கரைப் புதரிலிருந்து ஒரு கூச்சல் வெடித்தது.

"பொய்! அதெல்லாம் முடியாது! என் முறை இன்னும் முடியலை!"

புதர் ஆடியது. முகமெல்லாம் தேனோடு ஈச்சி தலையை நீட்டினாள். பின்னால் ஊளையன் அவள் கால் சடையைக் கவ்வி இழுத்தான்.

சடைச்சி அங்கே போய்ச் சேர்ந்ததை வாலாயிகூடப் பார்க்கவில்லை. இங்கே இருந்தாள், அடுத்த கணம் அங்கே இருந்தாள். பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். இலுப்பன் சடையைப் பிடித்துத் தொங்கினான். கழுத்திலிருந்த பலா நழுவித் தொப்பென்று விழுந்து உருண்டு, ஊளையன் காலடியில் போய் நின்றது.

ஊளையன் அண்ணாந்து பார்த்தான். தலைகுனிந்தே பார்த்துப் பழகிய சடைச்சி இவ்வளவு உயரமா என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மார்பில் பிறை போல வெள்ளைக் கோடு. அதற்கு மேலே, ஏர்க்கொழுவைப் போல நகம் நீட்டிய இரண்டு கைகள். அவன் வாய் தானாகத் திறந்தது. ஈச்சி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டாள்.

"தங்கச்சி, குழந்தை தேன் கேட்டு அழுதது, அதான்..." என்று ஊளையன் இழுத்தான்.

சடைச்சி ஒரு கையால் பலாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தாய்மாமன் சீர் வந்து சேர்ந்துடுச்சு அண்ணே" என்றாள், மெதுவாகத்தான். "நீங்க கிளம்புங்க. உச்சிவெயில் ஏறிடுச்சு பாருங்க."

ஊளையன் வானத்தைப் பார்த்தான். சூரியன் நேர் மேலே இருந்தது. பாறைப் பக்கத்திலிருந்து சிறுத்தை இறங்கி வருகிற சருகுச் சத்தம் கேட்டது. சிறுத்தையும் நிமிர்ந்து நின்ற கரடியைப் பார்த்தது, அதன் கைகளையும் பார்த்தது. பிறகு பார்வையை மெதுவாக ஊளையன் பக்கம் திருப்பியது. அவன் அன்றைக்குப் பிடித்த ஓட்டம் மூன்று மலை தாண்டித்தான் நின்றதாம். பின்னாலேயே போன சிறுத்தையும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊளையனோ அந்தக் காட்டில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

சடைச்சி மறுபடியும் மர நிழலுக்கு வந்தாள். கை அடுத்த வேலையில் இறங்கியது. பலாவைப் பிளந்தாள். பால் பிசுபிசுவென்று நகத்தில் ஒட்டியது. சுளையை எடுத்து, நார் நீக்கி, ஒன்று இலுப்பனுக்கு, ஒன்று ஈச்சிக்கு என்று வைத்தாள். மரத்திலிருந்து வாலாயி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வயிற்றில் குட்டி வழக்கம்போலச் சத்தமில்லாமல் கிடந்தது. அன்றைக்கு அவள் அதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"மேலே இருந்த எனக்கே தெரியலையேடி. திரும்பிக்கூடப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிச்சே?"

சடைச்சிக்கு வெட்கம் வந்துவிட்டது. கையிலிருந்த பலாப் பாலை மண்ணில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளைங்க போடுற சத்தம் தாய்க்குத் தொல்லை இல்லைக்கா, அதுதான் தாய்க்குக் காவல். அது கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியா மண்ணைத் தோண்டலாம், அது நின்னு போச்சுன்னா அப்போதான் நான்..."

"அம்மா! பெரிய சுளையை இவ எடுத்துக்கிட்டா!"

"அவன் முறை முடிஞ்சு போச்சும்மா!"

"இதோ வந்துட்டேன்" என்று சடைச்சி எழுந்து, ஒட்டிய கையோடு அவர்கள் பக்கம் போனாள்.