தாளம் தப்பாத பந்தி

மாலை மரியாதை போதவில்லை என்று கோபித்து, பந்தியில் கை நனைக்காமலே வந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் வைரவேல். அவரே மனைவியோடு, கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோவுக்கு வந்து அதட்டினார்.

"வீடியோ ஆட்டம்பாட்டமா பறக்கணும். எல்லாப் பாட்டுலயும் நான் தெரியணும். இல்லேன்னா இந்த ஊர்ல இனி ஒரு கல்யாண ஆர்டரும் உனக்கு வராது!"

எடிட்டர் எழிலரசி எடுத்த காட்சிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மாமா ஆடவே இல்லையே!

"நல்லாவே தெரிவீங்க ஐயா," என்றாள்.

மறுநாள் போட்டுக் காட்டினாள். மேள அடிக்கு அடி, மாமாவின் கை இலைக்கும் வாய்க்கும் பறந்தது. அடுத்த பாட்டில் பாயசம். அதற்கடுத்ததிலும் பாயசம்.

"கை நனைக்கலையா?" என்றாள் மனைவி. "முழங்கை வரைக்கும்ல நனைஞ்சிருக்கு!"

வைரவேல் எழிலரசி பக்கம் குனிந்தார். "கல்யாணம்னா பொண்ணு மாப்பிள்ளைதாம்மா முக்கியம். என்னை வெட்டிடு, தாயி."