பத்துச் சேரட்டும்

"இதுக்கு மேல வேகமா வேலை செய்ய என்னால ஆகலீங்க அம்மணி. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்."

பம்ப் கம்பெனிக் கூடத்தில் நின்றுகொண்டே தெய்வசிகாமணி சொன்னார். வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. அவருடைய அரசு அலுவலகத்தை ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிடுவார்கள்.

எதிரில் நின்றவள் மரகதம். அங்கே மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வரிசை அவள் பொறுப்பு. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

போன மாதம் அரசு ஊழியர்கள் சிலரை ஒரு நாள் பயிற்சி என்று அந்தக் கம்பெனிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மற்றவர்கள் வடை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மனதுக்குள் மரகதத்தைக் குரு என்று வைத்துக்கொண்டார். அவளுக்கு அது தெரியாது.

"என்ன அவசரமுங்க சார்?"

"ஒரு குழந்தை. கவிநிலான்னு பேரு. பிறவியிலயே காது கேக்காது. உள்ள கருவி வைக்க ஆப்பரேஷன் பண்ணோணும். ஆறு வயசு முடியறதுக்குள்ள எங்க ஆபீஸ் உத்தரவு போட்டாத்தான் அரசாங்கம் பண்ணித் தரும். அதுக்கப்பறம் கிடையாது."

"எப்ப ஆறு முடியுது?"

"ஞாயித்துக்கிழமை."

மரகதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவங்கப்பா காலையில இருந்து எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறார். ஒண்ணும் கேக்கறதில்லை. போறப்ப வர்றப்ப என் மூஞ்சியைப் பாக்கறார், அவ்வளவுதான்."

"கோப்பு முடியலீங்களா?"

"அது முடிஞ்சுபோச்சு. சரிபார்த்துக் குறிப்பெழுதிப் பதினொரு நாளாச்சு. இன்னும் மூணு கோப்பு முடிக்கோணும். அதுக்குத்தான் வேகம் கேக்கறேன்."

"அந்தப் பிள்ளைக்கு மொத்தம் நாலு கோப்புங்களா?"

"இல்லைங்க. மூணும் வேற வேற குழந்தைங்க. பத்துச் சேர்ந்தாத்தான் கட்டுக் கட்டி மாடிக்கு, அலுவலர் கையெழுத்துக்குப் போகும். இப்ப ஏழுதான் சேர்ந்திருக்கு."

மரகதம் வரிசையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவரும் பார்த்தார். இரண்டு மேஜைகளுக்கு நடுவில் மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம். ஒரு மோட்டார் வைக்கத்தான் அதில் இடம். ஒரு பெண் தன் வேலையை முடித்துக் கட்டத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் சும்மா இருக்குது?"

"அடுத்தவ இன்னும் எடுக்கலீங்க."

"அதுக்குள்ள இன்னொண்ணு சுத்தி வைக்கலாமே?"

"வைக்க எடமில்லீங்களே."

"கட்டம் நீங்க வரைஞ்சதுதான? பெருசா வரைஞ்சா ஆச்சு."

"வரையலாமுங்க," என்றாள் மரகதம்.

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு எரிச்சல் வந்தது. மணி ஒன்றே முக்கால்.

அதற்குள் சும்மா இருந்த பெண் எழுந்து அடுத்த மேஜைக்குப் போயிருந்தாள். அங்கே கம்பி சிக்கியிருந்தது. இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். அடுத்தவள் மோட்டாரை எடுத்துக்கொள்ள, கட்டம் காலியானது. அவள் திரும்பி வந்து அடுத்த மோட்டாரைக் கையில் எடுத்தாள்.

"வண்டி இருக்குதுங்களா சார்?"

"இருக்கு."

"அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன். உங்க ஆபீசைப் பாக்கலாம்."

தெய்வசிகாமணி சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கண்காணிப்பாளர் நாற்காலியில் காலை ஏழரைக்கே வந்து உட்காருகிற மனிதர். நாட்குறிப்பை நான்கு வண்ண மையில் எழுதுவார். அவசரக் கோப்புக்குச் சிவப்புச் சீட்டுக் குத்துவது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆறே மாதத்தில் எல்லாக் கோப்பிலும் சிவப்புச் சீட்டு. அதனால் மிக அவசரத்துக்கு இரண்டு சீட்டு என்றார். இப்போது சில கோப்புகளில் மூன்று தொங்குகின்றன. இவ்வளவு பாடுபடுகிற மனிதரிடம் யார் போய் என்ன சொல்வது?

இருவரும் வந்து சேர்ந்தபோது இரண்டு இருபது. வாசலில் கவிநிலாவின் அப்பா நின்றிருந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டு. தெய்வசிகாமணி தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து போனார்.

மரகதம் நேராகத் தபால் மேஜைக்குப் போனாள். அங்கே ஜெனிபா என்ற பெண் வந்த காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க கவிநிலாவோட கோப்பு," என்றாள் மரகதம். "இப்பத்தான் உள்ள வர்றேன். என்னை என்ன பண்ணுவீங்க?"

ஜெனிபா விழித்தாள். தெய்வசிகாமணியைப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றார் அவர்.

"முத்திரை குத்தி நம்பர் போடுவேன்."

"எத்தனை நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்பறம்?"

"இந்த ட்ரேல வைப்பேன். வெள்ளிக்கிழமைதான் மொத்தமா உள்ள குடுக்கறது."

மரகதம் ட்ரேயின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேரமாகுது அம்மணி. எந்திரிங்க."

"கோப்பு தானா எந்திரிக்குமுங்களா?"

அவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. முன்னால் நடந்து, "வாங்க, இந்த மேஜைக்கு," என்று கூட்டிப்போன பிறகுதான் எழுந்தாள்.

அடுத்தது சரிபார்க்கும் உதவியாளர் மேஜை. ஆள் சாப்பிடப் போயிருந்தார். வேலை இருபது நிமிடம், இருந்தது பத்தொன்பது நாள் என்று ஜெனிபாவே பின்னால் வந்து சொன்னாள். அவளுக்கும் இப்போது ஆவல் பிடித்துக்கொண்டது. மரகதம் அங்கேயும் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளையாட இதுவாம்மா நேரம்?" தெய்வசிகாமணி கத்திவிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "வெளிய ஒரு மனுஷன் நிக்கறாரு."

"தெரியுமுங்க. என்னைப் பெத்தவருதான நிக்கறாரு," என்றாள் மரகதம், கோப்பாகவே.

அவர் திரும்பினார். தன் மேஜைக்கு நடந்தார். அவளும் பின்னால் போனாள். இழுப்பறையைத் திறந்து காட்டினார். சிவப்புத் துணியில் ஏழு கோப்புகள். கட்டு நேர்த்தியாக இருந்தது.

"இங்க நான் பதினொரு நாளு. என்ன வேலை நடந்துச்சுங்க எனக்கு?"

"வேலை ஒண்ணும் நடக்கலை. காத்திருந்தது."

"எதுக்கு?"

"இன்னும் மூணு சேரட்டும்னு."

"காது கேக்காத பிள்ளைங்க இன்னும் மூணு பேரு சேரட்டும்னு."

தெய்வசிகாமணி கட்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தினமும் கையில் எடுக்கிற கட்டு அது.

"பத்துன்னு சொன்னது யாருங்க சார்?"

"அது... முறை. அலுவலரம்மாவைச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணக் கூடாதில்லைங்களா."

"அவங்களைக் கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. கட்டைத் தளர்த்தி, மேலாக இருந்த கவிநிலாவின் கோப்பை மட்டும் உருவினார். ஒற்றைக் கோப்போடு மாடி ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

அலுவலர் தன் அறையில் கூட்டத்தில் இருந்தார். எப்போது முடியும் என்று அவருடைய உதவியாளருக்குத் தெரியவில்லை. மூன்று மணியிலிருந்து கதவுக்கு வெளியே தெய்வசிகாமணி நின்றார். நான்கு அடித்தது. ஜன்னல் வழியே கீழே பார்த்தால் வாசலில் அந்தத் துண்டு தெரிந்தது. நான்கரை. எத்தனை சிவப்புச் சீட்டுக் குத்தினாலும் கதவு திறக்காது என்று தோன்றியது. ஐந்து மணிக்குத் திறந்தது.

"என்ன சார், ஒண்ணே ஒண்ணு?" என்றார் அலுவலர்.

"ஞாயித்துக்கிழமையோட வயசு முடியுதுங்கம்மா."

அலுவலர் படித்தார். பிறந்த தேதியை இரண்டு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

"மத்ததெல்லாம்?"

"பத்துச் சேரட்டும்னு வெச்சிருக்கேங்கம்மா."

"எதுக்குப் பத்து?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் வந்த நாளா நீங்கதான் பத்துப் பத்தா கொண்டு வர்றீங்க. உங்களுக்கு அதுதான் வசதி போலன்னு நான் ஒண்ணும் கேக்கலை."

தெய்வசிகாமணி படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழே ஜெனிபா உடனே முத்திரை குத்தித் தந்தாள். வாசலுக்குப் போய் உத்தரவைக் கவிநிலாவின் அப்பா கையில் கொடுத்தார். அந்த மனிதர் படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். கும்பிட்டார். பிறகு பேருந்துக்கு ஓடினார். தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை.

உள்ளே வந்தார். ஐந்து இருபது.

"முடிஞ்சதுங்க அம்மணி. நீங்க நல்லா இருக்கோணும்."

மரகதம் அவரைப் பார்க்கவில்லை. சிவப்புத் துணியை விரித்து, மீதி ஆறு கோப்புகளையும் மேஜையில் பரப்பியிருந்தாள்.

"அடியில இருந்தது இது. இதுதான் மொதல்ல வந்ததுங்களா?"

"ஆமா. வர வர மேல வைப்போம். கட்டுக்குள்ள வந்து நாப்பது நாள் இருக்கும்."

"பிறந்த தேதியைப் பாருங்க."

பார்த்தார். நிதிலன் என்று ஒரு பையன். ஆறு முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது.

"இவங்கப்பா வந்து கேக்கவே இல்லீங்களா?"

தெய்வசிகாமணிக்கு நினைவில்லை. கோப்பைப் புரட்டினார். கடைசியில் ஒரு இன்லேண்டு கடிதம் குத்தியிருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. பெற்றுக்கொள்ளப்பட்டது என்று அதிலும் முத்திரை இருந்தது. மெதுவாக வாசித்தார்.

"ஐயா அவர்களுக்கு வணக்கம். நேரில் வந்து கூட்டம் போட வேண்டாம், முடிவு தபாலில் வரும் என்று நீங்கள் சொன்னபடியால் நாங்கள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகப் பையனுக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறோம். தபால்காரரைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதத்தை மடிக்காமல் மேஜைமேல் வைத்தார். சொன்னபடி கேட்டு வீட்டிலேயே இருந்த மனிதர். வாசலில் வந்து நின்றிருந்தால் இவர் கண்ணில் பட்டிருப்பார்.

"இதுக்கு என்ன பண்றது அம்மணி?"

"எனக்குத் தெரியலீங்க சார்."

வெளியே அலுவலர் வீட்டுக்குக் கிளம்புவதற்காகக் காரை ஓட்டுநர் திருப்பி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

மரகதம் அடுத்த கோப்பைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இந்தப் பிள்ளைக்கு எப்பங்க ஆறு முடியுது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நாளைக்கு."

"அப்பறம் ஏனுங்க உக்காந்திருக்கீங்க?"