மேற்கு மூலை மீன்களின் வழக்கு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்தபோது, ஒரு நாட்டை உத்தண்ட பூபதி என்பவர் ஆண்டு வந்தார். அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குளம் வெட்ட வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. கரையில் ஓர் ஊஞ்சல் போட வேண்டும். அதில் ஆடிக்கொண்டே தண்ணீர் உள்ளே விழுவதையும் பார்க்க வேண்டும், வெளியே போவதையும் பார்க்க வேண்டும். "நாம் கழுத்தைத் திருப்புகிற வேலையே இருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீர்நிலைகளுக்கு அதிகாரி தீர்த்தாரப்பர். ராஜா தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார், அத்தனை விசுவாசம். ஊஞ்சல் இருந்த கிழக்குக் கரையிலேயே ஒரு கல் சிங்கத்தை வைத்து, அதன் வாய் வழியே ஆற்று நீரைக் கொட்டச் செய்தார். சிங்கத்துக்குக் கையெட்டும் தூரத்திலேயே வடிகாலையும் திறந்துவிட்டார். ராஜா ஆடினார், பார்த்தார், பூரித்துப்போனார்.

வெயில் ஏறியதும் குளம் பச்சைப்பசேல் என்று ஆகி நாற்றமெடுத்தது. மேற்கு மூலையில் மீன்கள் மூச்சுத் திணறி வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு சபையைக் கூட்டினார்.

"மகாராஜா, அடியேன் மேல் குற்றமில்லை" என்றார் தீர்த்தாரப்பர். "சிங்கத்தின் வாயில் குடத்தை ஏந்தி, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாழிகை வட்டிலை வைத்து அளந்திருக்கிறேன். குளம் எத்தனை குடம் கொள்ளும் என்றும் கணக்கிட்டிருக்கிறேன். ஒரு பகல் ஓர் இரவுக்குள் குளம் நிறையும் அளவு நீர் உள்ளே வருகிறது, அதே அளவு வெளியே போகிறது. தினமும் புத்தம் புது நீர்!"

"பிறகு ஏன் நாறுகிறது?"

"தினமும் மாலையில் அதில் காலை நனைத்துக்கொண்டு உட்காரும் ஒருவரைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவர் விருத்தகிரியைப் பார்த்தார்.

விருத்தகிரி அந்தச் சபையின் விகடகவி. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். தீர்த்தாரப்பர் வேடிக்கையாக ஏதாவது சொன்னாலோ ராஜா சாளரத்துக்கு வெளியே பார்ப்பார். அந்த எரிச்சல் அவருக்கு நெடுநாளாக இருந்தது.

ராஜாவுக்கு அன்று சிரிக்கும் மனநிலை இல்லை. "விருத்தகிரி! நமது பிறந்தநாள் விருந்து முடிவதற்குள் உண்மைக் காரணத்தை நிரூபித்துக் காட்டு. தவறினால் உன் கால்தான் காரணம் என்று முடிவாகும். அந்தக் காலாலேயே நாட்டை விட்டு நடந்து போகலாம்" என்றார்.

"உத்தரவு" என்று விருத்தகிரி இளித்தபடி கும்பிட்டான். ஆனால் பிறரைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு பிழைப்பு அவனுக்குத் தெரியாது. இந்தச் சபையை விட்டால் போக்கிடமும் இல்லை.

நேரே குளத்துக்குப் போனான். ஒரு கை நிறைய சாமந்தி இதழ்களைச் சிங்கத்தின் வாயடியில் தூவினான். அவை ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த வடிகாலில் சர்ரென்று நுழைந்து காணாமல் போயின. இன்னொரு கை இதழ்களை மேற்கு மூலையில் போட்டான். மறுநாள் வந்து பார்த்தபோதும் அவை போட்ட இடத்திலேயே கிடந்து அழுகிக்கொண்டிருந்தன. விஷயம் புரிந்துவிட்டது. புது நீர் வந்த வழியே போய்விடுகிறது, பழைய நீர் இருந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை.

ஆனால் சிங்கத்தையும் வடிகாலையும் ஒட்டி வைக்கச் சொன்னது ராஜா. தப்பு உங்களுடையதுதான் என்று அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? விருத்தகிரி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

அடுத்த நாள் சபையில், "மகாராஜா, பிறந்தநாள் பந்தியை அடியேன் நடத்த அனுமதி வேண்டும்" என்றான். "தீர்த்தாரப்பரின் முறைப்படியே நடத்துகிறேன். ஐயா, எல்லாருக்கும் போதுமான அளவு உள்ளே வந்தால் சரிதானே?"

"அளவு சரியென்றால் எல்லாம் சரி" என்றார் தீர்த்தாரப்பர் பெருமையாக.

சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரர் கும்பலிங்கம்தான் பதறினார். "என்ன சாமி சொல்றீங்க? பரிமாறுறவங்க இந்தக் கதவு வழியா வந்து அந்தக் கதவு வழியா போயிடணுமா? மகாராசா இலை காலியாக் கிடந்தா என் தலை தப்புமா?"

"உன் தலைக்கு முன்னாடி என் தலை வரிசையில நிக்குதுய்யா. நீ பாட்டுக்குச் சோத்தை வடி."

விருந்து நாள் வந்தது. அந்த நாட்டில் சில வழக்கங்கள் உண்டு. விருந்தினர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ராஜா கை வைப்பார். ராஜா எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழலாம். ராஜாவின் விருந்தில் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் பெரிய அவமரியாதை.

நீண்ட கூடத்தின் மேற்குக் கோடியில் ராஜா அமர்ந்தார். கிழக்குக் கோடியில் இரண்டு கதவுகள் ஒட்டினாற்போல் இருந்தன. "இன்று தங்கள் கணக்குப்படி பந்தி. முதல் மரியாதை தங்களுக்கே" என்று தீர்த்தாரப்பரைக் கதவோரத்து இலையில் உட்கார வைத்தான் விருத்தகிரி. அவரும் மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

பரிமாறுகிறவர்கள் சோறு, சாம்பார், வடை, பாயசம் என்று அண்டா அண்டாவாகக் கொண்டுவந்தார்கள். ஒரு கதவால் நுழைந்து, தீர்த்தாரப்பர் இலையில் தாராளமாகக் கொட்டிவிட்டு, மீதியோடு அடுத்த கதவால் வெளியே போனார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி கொட்டினார்கள். அவர் தின்னத் தின்ன இலை நிறைந்துகொண்டே இருந்தது. மிச்சம் வைக்கவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. முகம் சிவந்து, கண் பிதுங்கியது. ராஜாவின் இலையிலோ தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

பசியில் ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "விருத்தகிரி! எல்லாருக்கும் போதுமான சோறு வடிக்கவில்லையா?"

"வடித்தோம் மகாராஜா. அளந்து உள்ளேயும் கொண்டுவந்தோம். கணக்கில் ஒரு கரண்டி குறையாது."

"வந்து என்ன பயன்? வந்த சோறு அப்படியே அந்தக் கதவால் போய்விட்டதே! நமது இலைக்கு வரவே இல்லையே!"

விருத்தகிரி கைகூப்பினான். "மகாராஜா, மேற்கு மூலை மீன்கள் கோடையெல்லாம் இதையேதான் முறையிடுகின்றன."

ராஜா தன் இலையைப் பார்த்தார், தூரத்தில் இருந்த இரண்டு கதவுகளைப் பார்த்தார்.

"இரண்டையும் ஒட்டி வைக்கச் சொன்ன மடையன் யார்?" என்று உறுமினார்.

விருத்தகிரி துணிந்து சொல்லிவிட்டான். "கழுத்தைத் திருப்ப மனமில்லாத ஒருவர், மகாராஜா."

ராஜாவின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. பிறகு, கிரீடம் நழுவும்படி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வர, "முதலில் சோற்றைப் போடுங்கள்! மேற்கிலிருந்து போடுங்கள்!" என்றார்.

பசித்த ராஜா நிதானமாகச் சாப்பிட்டார். ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினார். அதுவரை எழ முடியாமல் தீர்த்தாரப்பர் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

வடிகால் மேற்குக் கரைக்குப் போயிற்று. சிங்கத்தின் முகத்தையும் சற்றே சாய்த்து, நீர் கரையோரமாகச் சுற்றிப் போகும்படி செய்தார்கள். சில நாளில் குளம் தெளிந்தது. ராஜா தன் கையாலேயே சாமந்தி இதழ்களைத் தூவினார். அவை ஊர்வலமாகக் குளத்தைச் சுற்றி, மேற்கு மூலை மீன்களை விசாரித்துவிட்டு வெளியேறின. கழுத்தை நன்றாகத் திருப்பி அத்தனையையும் பார்த்த ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டார்.

"இன்னும் ஏதாவது வேண்டுமா?"

"காலை நனைக்க ஒரு படிக்கட்டு, மகாராஜா."

ராஜா கடகடவென்று சிரித்தார். படிக்கட்டு கட்டும் வேலை தீர்த்தாரப்பரிடமே ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் மாலை வேளைகளில் அந்தப் படியில் விருத்தகிரியின் கால்களோடு ராஜாவின் கால்களும் நனைந்தன.