சிற்றடியும் சிவிங்கி ராஜாவும்

வெகுகாலத்துக்கு முன்பு, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு வடதேசத்து மலைக்காட்டிலே, சிவிங்கிப் பூனைகளுக்கு நெடுங்காலன் என்றொரு ராஜா இருந்தான். சிவிங்கியைப் பார்த்திராதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: காது நுனியில் கறுப்புக் குஞ்சம், கட்டை வால், பனியில் அமிழாத அகன்ற பாதம். அந்தப் பாதத்தில்தான் அவர்களுக்கு அத்தனை கர்வம்.

சிவிங்கி வம்சத்தில் நாலு கிளை உண்டு. எல்லாருக்கும் முந்திப் பிரிந்து தெற்கே போன கிளையில் பிறந்தவள் சிற்றடி. பனிக்காலம் தொடங்கும்போது அவள் காடு பற்றி எரிந்தது. இரண்டு குட்டிகளோடு ஓடிவந்து, "நானும் உங்கள் வம்சந்தான் அண்ணா. இந்தப் பனி கழிகிறவரை ஒண்டிக்கொள்ள இடம் கொடுங்கள்" என்று கேட்டாள்.

வம்சம் என்று வருகிறவர்களைச் சோதித்துச் சேர்ப்பது அந்தக் காட்டு வழக்கம். முதலில் காதைப் பார்த்தார்கள். குஞ்சம் இருந்தது, சின்னதாக. பிறகு வாலைப் பார்த்தார்கள், கட்டையாகத்தான் இருந்தது. மூன்றாவதாகப் புதுப்பனியில் நடக்கச் சொன்னார்கள். பாவம், மெலிந்த கால் அவளுக்கு. நாலாவது எட்டில் வயிறுவரை புதைந்தாள்.

கூட்டம் சிரித்தது. நெடுங்காலன் சிரிக்கவில்லை, அந்தக் காதும் வாலும் அவன் மனசை என்னவோ செய்தன. ஆனாலும் வழக்கத்தை மீற ராஜாவுக்கே தைரியமில்லை. "பனி தாங்காத கால் எங்கள் கால் இல்லை. போய்விடு" என்றான். நல்ல ராஜா, நல்ல நியாயம்! அவள் குட்டிகளோடு மலையிறங்கினாள்.

இரண்டு மாதம் சென்றது. வெள்ளை முயல்களை ஏதோ நோய் கொண்டுபோயிற்று. சிவிங்கிகளுக்கோ முயலை விட்டால் வேறு வேட்டை தெரியாது. ஒரு நாள் தேடினான் நெடுங்காலன், இரண்டு நாள் தேடினான், மூன்றாம் நாள் அவனுடைய ஒரே மகள் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தாள். அவளைக் கவ்விக்கொண்டு, பனியில்லாத அடிவாரத்துக்கு இறங்கினான்.

அங்கே ஒரு பாறைப் பொந்தில் சிற்றடி இருந்தாள். எலி, அணில், மீன், எது கிடைத்தாலும் அவளுக்கு இரைதான். நெடுங்காலன் மகளை அவள் முன்னால் கிடத்திவிட்டு நின்றான்.

சிற்றடி உடனே ஓர் எலியை மென்று, மென்றதைக் குழந்தைக்கு ஊட்டினாள். மூன்றாம் வாய்க்குக் குழந்தை கண் திறந்தது.

அப்போதுதான் அவன் பொந்துக்குள் பார்த்தான். ஒரு குட்டிதான் தெரிந்தது.

"இன்னொன்று எங்கே தங்கச்சி?"

"நீங்கள் போகச் சொன்ன அன்றைக்கு, இறங்குகிற வழியிலேயே குளிரில் விறைத்துப்போயிற்று அண்ணா" என்றாள், ஊட்டுவதை நிறுத்தாமல்.

நெடுங்காலன் தலை கவிழ்ந்து அழுதான். அதற்குப்பின் அந்தக் காட்டில் யாரையும் பனியில் நடந்து காட்டச் சொன்னதில்லை. ஆனால் போன குட்டி வரவா போகிறது?

ஆகையால் பெரியவர்களே, பிள்ளைகளே, உறவென்று வந்து நிற்பவரிடம் என்ன குறை என்று அளந்து பார்க்கிறவன், பின்னால் எத்தனை அழுதாலும் தீராத பாவத்தைத் தேடிக்கொள்கிறான்.