புடைத்து நின்ற நரம்பு

வண்ணாரப்பேட்டையில் எத்திராஜ் மாஸ்டரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆணழகன் போட்டி என்றால் என்னவென்றே ஊருக்குத் தெரியாத காலத்தில், ஜட்டியோடு மேடையேறித் தேசியப் பட்டம் வாங்கி வந்தவர். மானத்தை வாங்கிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்ட சொந்தக்காரர்களே, பிறகு பிள்ளைகளை அவருடைய ஜிம்முக்கு அனுப்பினார்கள்.

சில மாதங்களாக அவர் ஜிம் பக்கம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். மாநிலப் போட்டிக்கு முந்தின நாள், காலில் விழுந்துவிட்டுப் போகலாம் என்று சீடன் பிரகலாதன் அவர் வீட்டுக்கே வந்தான். நாற்பதை நெருங்குகிற அவனுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. மேடையில் தோல் வற்றி நரம்பு தெரிய வேண்டுமே, நேற்றிலிருந்து தண்ணீரைத் தொடவில்லை. உடம்பில் இருக்கிற நீரும் வெளியேற மாத்திரை வேறு. படியேறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அதையெல்லாம் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் கை வைக்காத பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் பிரகலாதன் பார்த்தது அவருடைய இடது கையை மட்டும்தான். அதில் விரல் தடிமனுக்கு ஒரு நரம்பு புடைத்து நின்றது. போட்டிக்காரன் கண்ணில் வேறென்ன படும்? அவனுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

"இந்த நரம்பை எப்படி மாஸ்டர் கொண்டாந்தீங்க? எனக்கும் சொல்லுங்க."

மாஸ்டர் அவன் கையைப் பிடித்து அந்த நரம்பின் மேல் வைத்தார். உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் அதிர்ந்தது. பிரகலாதன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரில வெட்டித் தச்சது. ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்கிறேன் இல்ல, அதுக்கு ஊசி குத்த."

பிரகலாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி என்று மெதுவாகக் கேட்டான். தானும் ஒவ்வொரு போட்டிக்கும் இப்படித்தான் வற்றக் காய்ந்ததாகவும், இதே மாத்திரையைத்தான் விழுங்கியதாகவும், கிட்னி ரெண்டும் போய்விட்டதாகவும் மாஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்.  ஆனாலும் பிரகலாதனுக்கு ஆசை விடவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான் மாஸ்டர். மேடைய விட்டு இறங்கினதும் குடிச்சிடறேன்."

மாஸ்டர் சொம்பிலிருந்து டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினார். பிரகலாதனால் வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

"நீங்க குடிங்க மாஸ்டர்" என்றான்.

"டாக்டரு எனக்கு அளந்து குடுக்கிற தண்ணி இன்னிக்கு முடிஞ்சிபோச்சு. நீ குடி. நான் பாத்துக்கினு இருக்கேன்."