உறுமல் நின்ற ஆல்பம்

பெரம்பூரில் இருக்கும் என் சலூனுக்கு ரெஜினால்ட் அண்ணன் முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை. இடுப்பு வரை முடி வளர்த்தவர், பேசத்தான் வருவார். ‘பாதாளம்’ என்ற டெத் மெட்டல் இசைக்குழுவின் பாடகர் அவர். தொண்டைக்குள் புலி புகுந்த மாதிரி உறுமுவதுதான் பாட்டு. ஆனால் புது ஆல்பத்தில் உறுமலே இல்லையாம், எல்லாம் மென்மையான பாட்டாம். முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த மோகனரங்கம் சார் வாயைக் கொடுத்தார்.

“ஏன்பா, தொண்டை போயிடுச்சா?”

“எனக்கா? முதல் ஆல்பத்துக்கு உறுமினப்போ, பக்கத்துத் தெரு மரத்துல இருந்த இளநீ எல்லாம் பயத்துல தேங்காயாயிடுச்சு சார்! ரெண்டாவது ஆல்பத்துக்கு, வண்டலூர் சிங்கம் எழுந்து நின்னு வணக்கம் வச்சுது.”

“பெரம்பூர்ல உறுமினா வண்டலூருக்கு எப்படிப்பா கேக்கும்?”

“ஜன்னலைத் திறந்து வச்சிருந்தோம் சார்.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தியைத் தீட்டினேன்.

“உறுமறதுக்கு உலகத்துல மிச்சமே இல்லாம போச்சு. அதான் மென்மையாப் பாடலாம்னேன். எங்க கிடாரிஸ்ட் இளம்பரிதி குதிச்சான். ‘மாத்தினா நான் குழுவுலயே இல்லடா’ன்னுட்டான். பள்ளிக்கூடத்துலேருந்து கூடவே இருக்கிறவன் சார்! எனக்குச் சோறே இறங்கல. அவனைச் சொல்லியும் குத்தமில்ல. வீட்ல இரட்டைக் குழந்தை, கண்ணை மூடி மாசக்கணக்காச்சு. ‘ஒரே ஒரு பாட்டு வாசிடா’ன்னு கெஞ்சி ஒத்திகைக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் வரி பாடினேன். நின்னபடியே தூங்கிட்டான்! விரல் மட்டும் வாசிக்குது, ஒரு சுருதி பிசகல. எழுந்ததும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான். ‘மச்சான், இந்த ஆல்பத்தை வெளியிடலன்னா உன்னைச் செருப்பால அடிப்பேன்’னான்.”

“ரசிகருங்க சும்மா விட்டாங்களா?” என்றேன்.

“காசிமேட்டுக் கடற்கரையிலதான் வெளியீட்டு விழா. கூடை கூடையா அழுகின தக்காளியோட வந்தாங்க. நான் வாயைத் திறந்தேன். எறிஞ்ச தக்காளி பாதி வழியிலேயே தூங்கி, மெதுவா இறங்கி மேடையில படுத்துக்கிச்சு. ஆளுங்க அப்படியே மணல்ல சாய்ஞ்சாங்க. எழுப்ப வந்த போலீஸ்காரர் தொப்பியைத் தலைக்கு வச்சுப் படுத்தார். கரைக்கு வந்த அலை திரும்பிப் போகல. மீனெல்லாம் தூங்கிடுச்சு.”

“மீன் கண்ணையே மூடாதேப்பா. தூங்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?”

“குறட்டை சார்!”

அதற்கப்புறம் மோகனரங்கம் சார் குறுக்கே பேசவே இல்லை. அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கலங்கரை விளக்கம் கொட்டாவி விட்டதையும், மேலே போன விமானம் மேகத்தில் தலை சாய்த்ததையும் விவரமாகச் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.

“பாத்தியா, சார் நம்பிட்டாரு. ஒரு கேள்வி கூட இல்ல.”

நான் சாருடைய தாடையை நிமிர்த்திப் பார்த்தேன். தலை மறுபடி தோளில் விழுந்தது.

“நம்பல அண்ணே. தூங்கிட்டாரு.”

ரெஜினால்ட் அண்ணன் முடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“பாத்தியா தம்பி! நான் இன்னும் பாடவே ஆரம்பிக்கல!”